ஹைமா சாலையில் புகைந்த கேரவன் சக்கரம்

ஓமனின் தெற்கே இருக்கிற சலாலாவுக்குக் கேரவனை இழுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம். சாலை நல்ல சாலை. அங்கே பெய்கிற சாரலுக்காக ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டுவதில் தப்பே இல்லை. ஆனால் கிளம்புவதற்கு முன் சக்கரத்து பேரிங்கைப் பற்றி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு இன்றைக்கும் நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் லாரி பக்கத்தில் கடந்துபோனால் கண் பக்கக் கண்ணாடிக்குத்தான் போகிறது.

நான் துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். சொந்த ஊர் கரூர், குடியிருப்பது ஷார்ஜா. பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோனாப்பூர் தொழிலாளர் முகாமிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்குவதற்கு முன்பே சாரத்தில் ஏறி, ஒவ்வொரு கிளாம்ப்பையும் கையால் ஆட்டிப் பார்ப்பேன். ஆடாவிட்டால் பச்சை அட்டை. ஆடினால் சிவப்பு அட்டை, அன்றைக்கு அதில் ஒருத்தரும் ஏறக் கூடாது. பதினொரு வருடமாக இதே வேலை. வீட்டில் நாற்காலிக் கால் ஆடினால்கூட நான் ஸ்பானரைத் தேடுவேன். "ஆரம்பிச்சாச்சா?" என்பாள் என் மனைவி மஞ்சு.

இந்த வருடம் ஜூலைக் கடைசியில் ஊருக்கு விமான டிக்கெட் விலையைப் பார்த்துத் தலை சுற்றியது. மகள் இனியாவுக்கு எட்டு வயது, பள்ளி விடுமுறை, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள். சரி, நம்மிடம்தான் கேரவன் இருக்கிறதே, மழை பெய்கிற இடமாகப் பார்த்துப் போவோம் என்று முடிவு செய்தோம். நாட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் 22,000 திர்ஹத்துக்கு வாங்கிய, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பழைய கேரவன் அது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம். கடைசியாக எப்போது கிரீஸ் போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

பேரிங் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சக்கரம் மாட்டியிருக்கிற ஹப்புக்குள், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பேரிங் இருக்கும். வளையத்தில் கோத்த சின்னச் சின்ன இரும்பு உருளைகள், நடுவில் கிரீஸ், அவ்வளவுதான். கேரவனின் மொத்தப் பாரமும் அந்த உருளைகள் மேல்தான் ஓடுகிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றி, பழைய கிரீஸைக் கழுவிவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். கார் சக்கரத்தில் நாம் இதை நினைப்பதே இல்லை. அதனால் கேரவனிலும் மறந்துவிடுகிறோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள், புதன்கிழமை, ஷார்ஜாவின் தொழிற்பேட்டையான சனாயாவில் யூசுஃப் பாயின் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பெஷாவர் பக்கத்து மனிதர், ஐம்பது வயதுக்கு மேல், அதிகம் பேச மாட்டார். இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவில் கிரீஸ் பிதுங்கி வரும்வரை விடாமல் செய்தார். எட்டு பேரிங், ஒன்றரை மணி நேரம். இனியா டேபிள் ஃபேனுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு சிப்ஸ் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மாட்டி முடித்ததும் வழக்கம்போல நான் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். 'டக்' என்று மெல்லிய ஆட்டம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சைட்டாக இருந்தால் சிவப்பு அட்டை!

"பாய், யே ஹில்தா ஹை," என்றேன். ஆடுகிறதே என்று.

"தோடா பிளே சாஹியே, சார்." கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும் என்றார் அவர். இறுக்கினால் சூடாகிவிடும் என்றும் சொன்னார்.

நான் விடவில்லை. குழந்தை வருகிறது, பாலைவனத்தில் ஓடப்போகிற வண்டி, சக்கரம் கழன்றுகொண்டால் நீயா பதில் சொல்வாய் என்று என் ஓட்டை ஹிந்தியில் பொரிந்து தள்ளினேன். போதாததற்கு நான் சேஃப்டி ஆபீசர் என்று வேறு சொன்னேன். "ஏங்க, அவரு வருஷக்கணக்கா இதே வேலையா இருக்கறவரு. விடுங்களேன்," என்றாள் மஞ்சு. அவர் கொஞ்சம் இறுக்கினார். நான் ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினார். மறுபடியும் ஆட்டினேன். மூன்றாவது தடவை ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆப் ஹீ கர்லோ, சார்," நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிக் கை கழுவப் போய்விட்டார். நானே ஹப்புகளின் நடுவில் இருக்கிற நான்கு நட்டுகளையும் இரண்டு கையால் தம் பிடித்து முறுக்கினேன். நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின்னும் நானே போட்டேன். ஒரு சக்கரமும் ஆடவில்லை. அன்றைக்கு இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

கூலி 300 திர்ஹம். உபரியாக ஒரு பேரிங் செட்டும், கிரீஸ் ஒழுகாமல் தடுக்கும் சீலும் 90 திர்ஹத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டேன். என் பயம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

வியாழக்கிழமை காலை 5.10-க்குக் கிளம்பினோம். கேரவன் பின்னால் இருந்தால் 90-க்கு மேல் நான் போவதில்லை. அல் ஐனுக்கு 150 கிலோமீட்டர், 7 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மெஸ்யத் எல்லையில் ஆளுக்கு 35 திர்ஹம் கட்டணம். காருக்கு ஓமன் இன்சூரன்ஸ், கேரவனின் பதிவு அட்டை, இரண்டையும் அசலாக எடுத்துப் போங்கள். எங்களுக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. இப்ரியில் சாப்பாடு, பிறகு நிஸ்வா. நிஸ்வாவுக்கு வெளியே மின்சார இணைப்போடு கேரவன் நிறுத்த ஓர் இடம் கிடைத்தது, ஓர் இரவுக்கு 10 ரியால்.

நின்ற இடத்திலெல்லாம் இறங்கி நான்கு ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன். அல் ஐனில் இளஞ்சூடு. இப்ரியில் நல்ல சூடு. நிஸ்வாவில் இடது பின் சக்கரத்தில் மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன். வெளியே 46 டிகிரி. கார் கதவின் கைப்பிடியே சுட்டது. வெயில்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் பயம் இருந்தது, அதனால்தான் இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை 7.30-க்கு நிஸ்வாவை விட்டோம். ஆதம் என்ற ஊரைத் தாண்டினால் மரம் கிடையாது, வீடு கிடையாது. வெள்ளைத் தரை, அதன் மேல் கானல் நீர், எண்ணெய்க் கம்பெனி லாரிகள். 10 மணிக்கு கபா பெட்ரோல் நிலையத்தில் இறங்கி இடது பின் ஹப்பைத் தொட்டேன். சுரீர் என்றது, விரலை வாயில் வைத்துக்கொண்டேன். வலது பக்கத்துச் சக்கரங்கள் அவ்வளவு சுடவில்லை.

"இந்தப் பக்கம் மட்டும் ஏங்க இப்படி?" என்றாள் மஞ்சு.

"தெற்கே போறோம்ல, காலை வெயில் முழுக்க இடது பக்கம்தான் அடிக்குது," என்றேன். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பேசாமல் வண்டியை எடுத்தேன்.

10.53-க்கு, வீட்டிலிருந்து 676-வது கிலோமீட்டரில், பின் இருக்கையிலிருந்து இனியா சொன்னாள்: "அப்பா, கேரவன்ல இருந்து ஸ்மோக் வருது."

புழுதி என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். இடது பின் சக்கரத்திலிருந்து வெள்ளைப் புகை, கயிறு மாதிரி பின்னால் இழுபட்டு வந்தது. வேகமாக பிரேக் பிடித்தால் சக்கரம் கழன்றுவிடுமோ, பிடிக்காவிட்டால் தீ பிடிக்குமோ என்று தெரியாமல், மெல்ல மெல்ல வலது ஓரத்துச் சரளையில் இறக்கி நிறுத்தினேன். கேரவனின் முன்பக்கப் பெட்டியில் சமையல் கேஸ் சிலிண்டர் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். போலீஸை அழைக்க வேண்டிய நேரத்தில் நான் யார் எண்ணை அழுத்தினேன் தெரியுமா? யூசுஃப் பாயின் எண்ணை. எடுத்ததுமே கத்தினேன். என்ன கிரீஸ் போட்டாய், டூப்ளிகேட்டா, சக்கரம் எரிகிறது, என் குழந்தை வண்டிக்குள் இருக்கிறது! நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "சார், பெஹ்லே பச்சி கோ உதாரோ." முதலில் குழந்தையை இறக்குங்கள். அதோடு லைன் போய்விட்டது.

அதற்குள் மஞ்சு இனியாவை இழுத்துக்கொண்டு இறங்கி, குடையைப் பிடித்தபடி ஐம்பது அறுபது அடி தள்ளிப் போயிருந்தாள். பிறகு அவளே திரும்ப ஓடி வந்து சிலிண்டர் வால்வை மூடினாள். நான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு சக்கரத்திடம் ஓடினேன்.

"பானி மத் டாலோ!" பின்னால் வந்து நின்ற ஒரு தண்ணீர் டேங்கரிலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே குதித்தார். நான் மஞ்சுவைப் பார்த்து "கிட்ட வராதே" என்று கத்தியதும் அவர் குரல் மாறியது. "தமிழா? சார், தண்ணி ஊத்தாதீங்க. காயுற இரும்பு சார், வெடிச்சிரும். நெருப்பு இல்ல, கிரீஸ்தான் பொகையுது. தள்ளி நில்லுங்க."

அவர் பெயர் அய்யாக்கண்ணு, துறையூர் பக்கம். ஒன்பது வருடமாக எண்ணெய்க் கிணற்று கேம்ப் ஒன்றுக்குத் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறார். முதல் வேலையாக டேங்கரைக் கேரவனுக்குப் பின்னால், சாலைப் பக்கம் கொஞ்சம் நீட்டி நிறுத்தி, நான்கு விளக்கையும் மின்னவிட்டார். வண்டிகள் வலது பக்கம் ஓடுகிற நாட்டில் வலது ஓரத்தில் நிறுத்தினால் இடது சக்கரம் போக்குவரத்தின் பக்கம்தான் இருக்கும். இதை நான் யோசித்ததே இல்லை. புகை அடங்கியதும் காரைக் கழற்றித் தள்ளி நிறுத்தி, மஞ்சுவையும் இனியாவையும் ஏசியில் உட்காரவைத்தோம்.

ஹப் ஆற நாற்பது நிமிடம் ஆனது. ஜாக்கி சரளைக்குள் இறங்கியது. அவர் டேங்கரிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து அடியில் வைத்தார். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அந்தக் காற்றுக்குக் கேரவன் ஜாக்கியின் மேல் ஒருமுறை ஆடி நின்றது. நான் அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். சைட்டில் ஒருவனை இப்படி உட்காரப் பார்த்திருந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தியிருப்பேன்.

அய்யாக்கண்ணு கிரீஸ் மூடியைத் தட்டிக் கழற்றினார். இரண்டு நாளைக்கு முன் சிவப்பாக இருந்த கிரீஸ் கருத்து, எண்ணெயாக ஒழுகியது. ஸ்பிளிட் பின்னை உருவிவிட்டு நட்டைக் கையால் திருகினார். அசையவில்லை. ஸ்பானர் போட்டார். அசையவில்லை. ஸ்பானரின் வாலில் ஒரு பைப்பைச் சொருகி மிதித்த பிறகுதான் 'க்ரீச்' என்று இளகியது.

"யாரு சார் இப்புடி முறுக்குனது? மெக்கானிக்கா?"

மஞ்சு காரிலிருந்து குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"நான்தான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். "ரோலரு உருளணும்னா அதுக்குக் கொஞ்சம் எடம் வேணும் சார். சூடாச்சுன்னா இரும்பு உப்பும். நீங்க எடமே இல்லாம பண்ணிட்டீங்க. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தா சக்கரம் வேற, வண்டி வேற." உருளைகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரும்பு நீலம் பாரித்திருந்தது. கழன்ற சக்கரமும் கவிழ்ந்த கேரவனும், அதோடு சேர்ந்து இழுபட்ட காரும், பின் இருக்கையும் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தன. யாரோ செய்த தப்பு என்றால் கத்தித் தீர்த்திருக்கலாம்.

நல்லவேளை, அச்சுத்தண்டு தப்பியிருந்தது. ஹப்புக்குள் உருளைகள் ஓடுகிற கிண்ணமும் ஓரளவு வழவழப்பாகத்தான் இருந்தது. டீசலும் துணியும் வைத்துத் துடைத்து, என்னிடமிருந்த புது பேரிங்கில் கிரீஸ் அடைத்து மாட்டினார். "இது ஊர் போய்ச் சேர்றதுக்குத்தான் சார். போனதும் கிண்ணத்தையும் சேர்த்து மாத்திருங்க," என்றார். பிறகு ஸ்பானரை என்னிடம் நீட்டினார்.

"மத்த மூணும் நீங்க முறுக்குனதுதானே? நீங்களே எளக்குங்க. நான் பாக்குறேன்."

முறை இதுதான், கவனமாகப் படியுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும், உருளைகள் தம் இடத்தில் போய் உட்காரும். பிறகு நட்டை முழுக்கத் தளர்த்த வேண்டும். பிறகு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரலால் மட்டும் திருக வேண்டும். ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வராவிட்டால் தளர்த்தித்தான் நேராக்க வேண்டும், இறுக்கி அல்ல. சொல்வதற்கு ஒரு நிமிடம். என்னால் முடியவில்லை. விரலால் திருகியதும் கை தானாக ஸ்பானரை எடுத்தது. "போதும் சார்." மறுபடியும் எடுத்தேன். "போதும்னேன்ல?" சக்கரத்தை ஆட்டினால் அதே மெல்லிய 'டக்'. அந்த ஆட்டத்தோடு என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தபோது, புகையைப் பார்த்ததைவிட அதிகமாகப் பயந்தேன். இது பொய்யில்லை.

எல்லாம் முடிய 2.40 ஆகிவிட்டது. கேம்ப்பிலிருந்து அவருக்கு நான்கு முறை போன் வந்தது. "ஆதா கண்டா பாய், ஆதா கண்டா" என்று ஒவ்வொரு முறையும் அதே அரை மணி நேரத்தைச் சொன்னார். நான் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. மஞ்சு கொடுத்த புளிச்சாத டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு, "தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே போங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

60-ல் ஓட்டினேன். பத்து கிலோமீட்டரில் நிறுத்தித் தொட்டேன். இளஞ்சூடு. இருபதில், நாற்பதில், எண்பதில் தொட்டேன். உள்ளங்கையை வைத்து எடுக்காமல் பத்து வரை எண்ண முடிந்தது. கண்ணாடியில் புகை வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது. அடுத்த ஊரான ஹைமாவுக்கு 5.15-க்குப் போய்ச் சேர்ந்தோம். சிக்னல் முழுதாகக் கிடைத்ததும் யூசுஃப் பாயை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பச்சி டீக் ஹை?" குழந்தை நன்றாக இருக்கிறாளா?

நன்றாக இருக்கிறாள் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. ஜும்மாத் தொழுகையில் அவளுக்காகத் துவா கேட்டாராம். அப்புறம் என் நம்பரை அடித்து அடித்துப் பார்த்தாராம். தப்பு என்னுடையதுதான் பாய், நான் கத்தியிருக்கக் கூடாது என்றேன். "மாலூம் ஹை, சார்," என்றார். தெரியும் சார். அவ்வளவுதான் சொன்னார்.

சலாலாவில் நான்கு நாள் இருந்தோம். சாரல், பச்சை மலை, இளநீர்க் கடைகள் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பாதி நேரம் சக்கரத்தைத்தான் பார்த்தேன். போக வர மொத்தம் 2,560 கிலோமீட்டர்.

போகிறவர்களுக்கு என் யோசனை. கிரீஸ் போட்ட பிறகு நேராக நெடும்பயணம் கிளம்பாதீர்கள், ஊருக்குள் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். நான் இப்போது 70 திர்ஹத்தில் வெப்பம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். எவ்வளவு சூடு என்பதைவிட, நான்கில் ஒன்று மட்டும் தனியாகச் சுடுகிறதா என்று பாருங்கள். அப்படிச் சுட்டால் வெயில்மேல் பழி போடாதீர்கள். உபரி பேரிங், சீல், ஸ்பிளிட் பின், அதே வகை கிரீஸ், ஜாக்கிக்குப் பலகை, எச்சரிக்கை முக்கோணம் எல்லாம் வண்டியில் இருக்கட்டும். புகை வந்தால் ஆட்களை இறக்குங்கள், கேஸை மூடுங்கள், சாலையை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். பயப்படுவதில் தப்பில்லை. பயந்தவன் கையில் ஸ்பானர் இருப்பதுதான் தப்பு. சாரத்துக்கு ஒரு நியாயம், சக்கரத்துக்கு வேறு நியாயம் என்று பதினொரு வருட அனுபவம் எனக்குச் சொல்லித்தரவில்லை.

திரும்பி வந்ததும் யூசுஃப் பாய் எட்டு பேரிங்கையும் கிண்ணத்தோடு மாற்றினார், 640 திர்ஹம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

போன வாரம் ராஸ் அல் கைமாவுக்கு ஓர் இரவு கேரவனோடு போகலாம் என்று கிளம்பினோம். எல்லாம் மாட்டியாயிற்று. இனியா மட்டும் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றாள். என்னம்மா என்றேன்.

"வீல்ஸ் யாரு டைட் பண்ணது? நீங்களா, யூசுஃப் அங்கிளா?"

"அங்கிள்தான்மா. நான் தொடவே இல்ல."

அவள் மஞ்சுவைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சு ஆமாம் என்று தலையசைத்தாள். அதற்கப்புறம்தான் என் மகள் வண்டியில் ஏறினாள்.